முன்சீட்டு மந்திரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் விராலிமலை பஸ்ஸை ஓட்டியவருக்கு வெற்றிலையால் வீங்கிய கன்னம். பொத்தான் இல்லாத காக்கிச் சட்டை. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்தால்தான் அந்த வண்டி நேராகப் போகும். அதனால் ரப்பர் பந்து ஆரனை அழுத்தும் பொறுப்பை முன்சீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிடுவார்.

ஒருநாள் அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. என் மடியில் இருந்த பத்திரிகையைப் பார்த்த டிரைவர், "இரட்டையாட்சி, இரட்டையாட்சிங்கிறாங்களே, அது என்னங்க சார்?" என்றார்.

வாத்தியாரான நான் சும்மா இருப்பேனா? 'டயார்க்கி' என்ற கிரேக்கச் சொல்லில் ஆரம்பித்தேன். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நம் மந்திரிகளுக்கு, போலீசும் கஜானாவும் கவர்னருக்கு என்று பிரித்துக் காட்டினேன். "ஆக, ரெண்டு பேரும் சேர்ந்து ஆள்றாங்க" என்று பெருமையாக முடித்தேன்.



கொடும்பாளூர் வளைவில் எதிரே ஒரு பானை வண்டி வந்தது. நான் உயிரைக் கொடுத்து ஆரனை அழுத்தினேன். பஸ் நிற்கவில்லை. மாடுகள் மிரண்டு விலக, பானைகள் சரிந்து நொறுங்கின. பானைக்காரர் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"ஆரன் அடிச்சது நீங்கதானேய்யா! வண்டிய நிறுத்த வேணாமா?"

டிரைவர் நிதானமாக வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.

"இப்ப நல்லா வெளங்குச்சுங்க சார்."

அன்று அவர் பிரேக்கை மிதித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.