முந்நூறு மீற்றர் வட்டம்

ராஜரத்தினத்தின் மனக்குறைக்கு ஆறு வயதாகிறது. கண்டியில் இருபத்திரண்டு வருடமாக ஆட்டோ ஓட்டுகிற அவனிடம், அப்போது மர ஆய்வுக்கு வந்த சப்னா மிஸ் மூன்று நாள் வண்டியில் சுற்றியும் ஒரு வழியைக்கூடக் கேட்கவில்லை. வானத்திலிருந்து எடுத்த படம் கையில் இருக்கும்போது ஆட்டோக்காரனிடம் என்ன கேட்பது? நகரத்தில் நிழல் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலையாம். நல்ல வேலைதான். பூங்காவை நடுவில் வைத்து முந்நூறு மீற்றருக்கு ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் விழுந்தவர்களுக்கெல்லாம் மர நிழல் வசதி தாராளம் என்று கணக்கு.

அப்படி விழுந்தவர்களில் மூக்காயியும் ஒருத்தி. சுத்திகரிப்புத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி அறை. முப்பத்தொரு வருடம் பெரிய ஆட்களின் தெருவில் மரத்தடி இலைகளைக் கூட்டியவள். மரங்களோடு அவளளவு பழக்கம் யாருக்கும் இல்லை. எல்லாம் அடுத்தவர் மரம். பென்ஷனோடு தேய்ந்த முழங்கால் இரண்டும் கிடைத்தன. பகலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்க முடியாது. சுவர் நிழல் நகர நகர, உட்காரும் கதிரையைத் தள்ளிக்கொண்டு பின்னால் போவாள்.

படத்தின்படி அவள் வாசலிலிருந்து பூங்கா நூற்றெண்பது மீற்றர். நடுவில் நிற்கும் இரண்டு ஆள் உயர மண் அணைச் சுவர் வானத்துக்குத் தெரியவில்லை. சுவரைச் சுற்றி இறங்கி, ரயில் பாதை தாண்டி, நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினால்தான் பூங்கா கேட்.

லயத்து முனையில் கிடக்கும் வெறும் காணியில் நாலு மரம் நட்டு, உட்கார இரண்டு வாங்கு போடச் சொல்லி லயத்து ஆட்கள் மாநகர சபைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். உங்களுக்குத்தான் பக்கத்திலேயே பூங்கா இருக்கிறதே, இது வாகனம் நிறுத்த ஆகட்டும் என்று பதில் வந்தது. நாளைக்குச் சப்னா மிஸ் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. வண்டி வழக்கம்போல ராஜரத்தினத்துடையது.

பின்னேரம் அவன் வந்து சொன்னபோது மூக்காயி ஏசவில்லை. அந்தப் பிள்ளை தூரத்தை எப்படி அளந்தது என்று மட்டும் கேட்டாள். நேர்கோட்டில் என்றான்.

“நான் என்ன காக்காவா தம்பி, பறந்து போக?”

மிஸ்ஸிடம் தானே எடுத்துச் சொல்வதாக அவன் வீறாப்பாகச் சொன்னான்.

“நீ சொல்லி எவ கேப்பா? மிஸ்ஸ இங்க கொண்டாந்து எறக்காத. மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பூங்கா கேட்ல எறக்கு. வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு சொல்லு. பக்கந்தான் மிஸ், நூத்தெம்பது மீற்றர், மூக்காயி வீட்டுக்கு நடந்தே போயிருங்கன்னு சொல்லு.”