சத்தம் போடாத தட்டு

கோரிப்பாளையத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் யூனுஸுக்கு வேலை சுத்தம், வாய்தான் நீளம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷத்துக் கொலுவில் அந்த வாய் அவரைச் சந்தி சிரிக்க வைக்கப் பார்த்தது. சிரிக்க வைத்திருந்தால்கூடத் தேவலை.

வக்கீல் சௌரிராஜன் வீட்டுக் கொலுவில் வருஷாவருஷம் சீமையிலிருந்து வந்த பொம்மை ரயில் ஓடும். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அதில் இஞ்சினைத் திருப்பும் வட்டத் தட்டு ஒன்று உண்டு. ரயில் ஷெட்டில் ஆட்கள் தள்ளித் திருப்புகிறார்களே, அதன் குட்டி. நடு ஆணி தேய்ந்து தட்டு சாய்ந்துவிட்டதால் தண்டவாளங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. வக்கீல் யூனுஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஆணியை மாற்றிவிட்டு வந்திருக்கலாம். சும்மா இருந்தால் அவர் யூனுஸா? பழைய சுவர்க்கடிகாரம் ஒன்றில் மணியடிக்கும் சுருள்வில்லையும் சக்கரங்களையும் கழற்றித் தட்டுக்கு அடியில் பொருத்தினார். சாவி கொடுத்து, ஓரத்தில் நீட்டியிருக்கும் கம்பியைத் தட்டினால் போதும், தட்டு தானாக அரைவட்டம் சுற்றி நிற்கும். அந்தச் சக்கரங்களோடு சின்னத் தகட்டு விசிறி ஒன்றும் சுழலும். வில்லின் வேகத்தை அடக்குவது அதுதான். ஆனால் 'கர்ர்' என்று சத்தம் போட்டது. சத்தமே இல்லாமல் சுற்றினால் வக்கீல் அசந்துபோவாரே! விசிறியைக் கழற்றி எறிந்தார். பாதிச் சாவி கொடுத்துப் பார்த்தார், அழகாகச் சுற்றியது.

"முழுச் சாவி கொடுத்துத் தட்டச் சொல்லுங்கய்யா. மதுரையிலே வேற எவன் செய்வான் இதை?" என்று மார்தட்டினார்.

சரஸ்வதி பூஜையன்று கூடம் கொள்ளாத ஜனம். வேலைக்காரன் சோணை முழுச் சாவி கொடுத்துக் கம்பியைத் தட்டினான். தட்டு பம்பரமாய்ச் சுழன்று இஞ்சினைத் தூக்கி வீசியது. அது கொலுப்படியில் மோதி நொறுங்கிப்போனது.

எல்லோரும் யூனுஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பாழாய்ப்போன வாய் மட்டும் ஆடியது.

"இந்தப் பய கண்டபடி முறுக்கித் தொலைச்சுட்டான்யா!"

சோணை தலையைக் குனிந்துகொண்டான். வக்கீல் அப்போதே அவனை வேலையைவிட்டு நிறுத்தினார். அட படுபாவி யூனுஸ், அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா?

யூனுஸுக்குச் சோறு இறங்கவில்லை. சோணை எதிரே வந்துவிடுவானோ என்று பயந்து பயந்து நடந்தார். ஒருநாள் அவனே கடைக்கு வந்து நின்றான்.

"பாய், கூடக் கொஞ்சம் திருகிட்டேன் போல. என்னாலே ஒங்களுக்குக் கெட்ட பேரு. மன்னிச்சிருங்க. அய்யாகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா திரும்பச் சேத்துக்குவாக."

யூனுஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது. கடையைக்கூடச் சாத்தாமல் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு நடந்தார்.

"தப்பு என்னோடதுங்கய்யா. வேகத்தை அடக்குற விசிறியை நான்தான் கழட்டிட்டேன். மானம் போயிருமேன்னு இவன் தலையிலே கட்டிட்டேன்."

வக்கீல் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். "ஒரு ஏழைக்காக இம்புட்டுப் பழியை ஏத்துக்கிறீரே பாய்! இந்த மனசு யாருக்கு வரும்? டேய் சோணை, அவர் முகத்துக்காக உன்னைச் சேத்துக்கிறேன்."

"அய்யா, நெசமாவே நான்தான்யா!"

"போதும் பாய், போதும்" என்று வக்கீல் சிரித்தார்.

அதற்குள் சோணை நெடுஞ்சாண்கிடையாக யூனுஸின் காலில் விழுந்துவிட்டான். "எந்திரிடா, அல்லாவுக்காக எந்திரிடா!" என்று யூனுஸ் காலை இழுத்தார். அவன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விம்மி விம்மி அவரை வாழ்த்திக்கொண்டிருந்தான்.