படியில் மட்டும் வந்த வாயு

போன கிறிஸ்துமஸ் அன்று, எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்கு ஏறும் படிக்கட்டில்தான் எனக்குச் சட்டென்று உறைத்தது: அப்பாவுக்கு வந்திருப்பது வாயுவே இல்லை!

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் என்றால் ஓப்பன் ஹவுஸ். வீடு வீடாகப் போக வேண்டும், போன வீட்டிலெல்லாம் சாப்பிட வேண்டும். பெரியவர்கள் சட்டைப்பையில் வாயு உப்புப் பொட்டலம் இல்லாமல் கிளம்பவே மாட்டார்கள். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் அந்த வாரம் அதிகம் விற்பதும் அதுதான். அப்பாவின் பொட்டலங்களும் நான் கொண்டுவந்தவையே.

முதல் வீட்டில் அப்பா பிரியாணியை ஒரு பிடி பிடித்தார். சிரித்துப் பேசினார். ஒன்றும் இல்லை. அடுத்த வரிசைக்கு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். உப்பைப் போட்டு, ஏப்பம் விட்டு, நடந்தார். அடுத்த வீட்டிலும் தேங்காய்ப்பாலில் வற்றவைத்த ரெண்டாங் இறைச்சி நன்றாகவே இறங்கியது. மறுபடி படி, மறுபடி நெஞ்சு. நின்றார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது.

"சரியாயிடுச்சு லா. நல்ல மருந்தும்மா இது."

"பொட்டலத்த இன்னும் பிரிக்கவே இல்லயேப்பா!"

கையைப் பார்த்துக்கொண்டார். மேலே வாசலில் நின்ற அத்தை கூப்பிட்டார்:

"என்னாண்ணே அங்கயே நின்னுட்டீங்க? கோழி ஆறுது!"

"டப்பாவுல கட்டி வைங்க அத்த, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றோம்!"

"பண்டிகை அதுவுமா ஆஸ்பத்திரியா? ரெண்டு ஏப்பம் விட்டா போயிடும் லா," என்று அப்பா முறைத்தார். நான் விடவில்லை. மெதுவாக இறக்கி, காரில் உட்கார வைத்தேன்.

இதய ரத்தக் குழாயில் அடைப்பு. அன்றே ஆம்புலன்ஸில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் ஆளே போயிருக்கலாம் என்றார் டாக்டர்.

வாயு உப்பின் மேல் எனக்குக் கோபமில்லை. வாயுவுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு அதைக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், எடுத்துக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்: "சாப்பிட்டா வருதா, மேடு ஏறினா வருதா?" கடை முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். சிலர் முறைப்பார்கள். முறைக்கட்டும். அன்று முறைத்தவர்தான் இன்று அதே படியில் எனக்கு முன்னால் ஏறிப் போகிறார்.