இறால் வண்டியும் மண்ணெண்ணெய்க் கேனும்

இன்ஜினைச் சரியாகப் பார்க்காமல் ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முத்துப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணைகள் பெருகிய சமயம். திருத்துறைப்பூண்டியில் என் பட்டறை. இறால் வியாபாரி இன்னாசியிடம் ஒரு பெட்ரோல் பிக்கப் இருந்தது. என்னைவிட வயதில் மூத்த வண்டி. அதுவரை நெல் மூட்டை ஏற்றியது, பிறகு ஐஸ் போட்ட இறால் பெட்டி ஏற்றியது. லோடு போகும்போதெல்லாம் மிஸ்ஸிங் அடித்தது, குலுக்கியது, நடுரோட்டில் நின்றது.

பிளக், பாயிண்ட் மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றி, அதன் அடிக்கிண்ணமான பௌலில் கிடந்ததைப் பார்க்காமல் மண்ணில் கொட்டினேன். வண்டி பூ மாதிரி ஓடியது. நான்காம் நாள் அதே குலுக்கலோடு திரும்பி வந்தது. அப்போதுதான் சீட்டுக்குப் பின்னால் மண்ணெண்ணெய்க் கேன் கண்ணில் பட்டது.

“டிரைவர் பெட்ரோல வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்துறாரு,” என்றேன், பட்டறையே கேட்கும்படி.

“ரேஷன்ல வாங்குனதுண்ணே, வீட்டு அடுப்புக்கு,” என்றார் டிரைவர் செல்வராசு.

“அடுப்புக்கா, என் வண்டி வயித்துக்கா?” என்று கத்திய இன்னாசி, அங்கேயே சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

புது டிரைவர் வந்தார். அதே குலுக்கல். இந்த முறை பௌலில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். மேலே பெட்ரோல், அடியில் தண்ணீர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஐஸ் உருகி, பலகை இடுக்கு வழியே டேங்க் மூடிமேல் சொட்டிக்கொண்டிருந்தது. மூடியின் வாஷர் மக்கிப்போய், தண்ணீர் டேங்குக்குள் இறங்கியிருந்தது. நெல் ஏற்றிய காலத்தில் மேலேயிருந்து சொட்ட எதுவும் இல்லை, அதனால் தெரியவில்லை.

“நீதானய்யா மண்ணெண்ணெய்ன்னு சொன்னே?” என்றார் இன்னாசி.

“நான்தான். புத்தி கெட்டுச் சொன்னேன். அவரக் கூப்பிடுங்க.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் கூப்பிடுறது? நீயே போ.”

போனேன். செல்வராசு சவூதி போக ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தார்.

“பட்டறையில சத்தமாச் சொன்னீங்க. இங்க வந்து மெல்லமாச் சொல்றீங்களே. அங்கயே வந்து சொல்லுங்கண்ணே.”

மறுநாள் பட்டறையில், எல்லோர் முன்னாலும், பாட்டிலைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன்.

“மெக்கானிக்குக்கே மிஸ்ஸிங்கா!” என்று எவனோ சிரித்தான். சிரிக்கட்டும்.

இன்னாசி சாவியை நீட்டினார். செல்வராசு வாங்கவில்லை.

“இவரு சொன்னது போதும்ண்ணே. வண்டி வேணாம்,” என்று நடந்தார். அந்த மாதமே விமானம் ஏறினார்.

வேலை பழகுகிறவர்களே, பௌலில் இருப்பதைக் கொட்டாதீர்கள். பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு வாயைத் திறங்கள்.