துப்பாக்கியை ஒப்படைக்கப் போன காலை

கடையின் நிலவறையில் அரிசி மூட்டைகளை நகர்த்தியபோது, பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கி அகப்பட்டது. பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் நான் எடுத்த அந்தக் கடை முன்பு ஒரு பிரெஞ்சுக் கிழவருடையது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வாங்காத சனியன் என் தலையில் ஏறியது.

வைத்திருந்தால் குற்றம். கால்வாயில் எறியப் போனால், வழியில் பொலிஸ் மறித்துப் பையைத் திறக்கச் சொன்னால் என்ன செய்வது? குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். துப்பாக்கியோடு பிடிபட்ட தமிழன் என்றால் எல்லாம் முடிந்தது. மனைவியிடமும் மூச்சு விடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அரசாங்கம் ஓர் அறிவிப்புச் செய்தது. கண்டெடுத்த ஆயுதத்தைத் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைப்பவர்மீது, அதை வைத்திருந்ததற்காக வழக்கு இல்லையாம். பிரெஞ்சு அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதுச்சேரி வாடிக்கையாளர் ஒருவரிடம், யாருக்கோ கேட்பதுபோல விசாரித்தேன்.

"பயப்பட வேணாம்னு சொல்லுங்க. வச்சிருந்ததுக்கு வழக்கு கெடையாது. அதால யாரையாவது சுட்டிருந்தா, அது வேற கதை."

நல்ல ஆறுதல். கிழவர் யாரைச் சுட்டாரோ, யார் கண்டது.

அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"துவக்கைக் குடுத்தா ஒண்டும் செய்யமாட்டம் எண்டு சொல்லுறாங்களோ?"

"ஓம்."

"அண்ணைக்கும் அப்பிடித்தானே சொன்னவங்கள்."

2009இல் ஊரில் போர் முடிகிற நேரம், ஆயுதத்தைப் போட்டுவிட்டு வந்தால் மன்னிப்பு என்று இராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பி அவளுடைய அண்ணன் சரணடைந்தார். அவரைப் பேருந்தில் ஏற்றியதை மாமியார் கண்ணால் கண்டார். அதன் பிறகு தகவல் இல்லை. காணாமற்போனவர்களின் உறவினரோடு மாமியார் இன்றும் தெருவில் தூக்கிப் பிடித்து நிற்பது மகனுடைய பள்ளிக்கூடக் காலத்துப் படத்தைத்தான். வேறு படம் அவரிடம் இல்லை.

அதனால்தான், துப்பாக்கியை ஒப்படைக்கப் போன காலை, காவல் நிலைய வாசலில் என்னை நிறுத்தி மனைவி படம் எடுத்தாள். என் முகமும் கையிலிருந்த பையும் பின்னால் கட்டடத்தின் பெயர்ப்பலகையும் தெளிவாக விழ வேண்டுமாம்.

"நான் இஞ்சையேதான் நிப்பன்," என்றாள். வேறு நாளாயிருந்தால் கேலி செய்திருப்பேன். அன்று படம் தெளிவாக விழுந்ததா என்று நானே கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

உள்ளே ஒரு பெண் அதிகாரி துப்பாக்கியைத் திறந்து, குண்டு இல்லை என்று பார்த்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். சொன்னேன். நன்றி, போகலாம் என்றாள். நான் அசையவில்லை.

"இன்னும் ஏதாவது கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

வெளியே வந்தேன். மனைவி ஓடிவந்து கையைப் பிடிப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் நின்ற இடத்திலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை. போகச் சொல்லிப்போட்டினம்."

அவள் முகம் கோணியது. சனம் போய்வரும் வீதி என்றும் பாராமல் கத்தினாள்.

"இவ்வளவுதானோ? துவக்கை வாங்கிக்கொண்டு ஆளை விடுறது இவ்வளவு லேசான வேலையோ?"