வாசல் வாசலாக நின்ற கால்

முதலில் வலித்தது இடது கெண்டைக்கால். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஃபாக்டரி பஸ் நிற்கும் முனைக்குப் போவதற்குள், ஈரத்துணியைப் பிழிவதுபோல் உள்ளே முறுக்கும். நின்றால் போய்விடும். நடந்தால் மறுபடி வரும்.

நின்றால் போகிற வலிக்கு எந்த மடையனாவது டாக்டரிடம் போவானா? நான் போகவில்லை. உண்மைக் காரணம் பயம். எங்கள் ஷெட்டில் ஒருவருக்கு இப்படித்தான் ஆரம்பித்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி என்றாலே எனக்கு ரம்பம்தான் ஞாபகம் வந்தது.

சும்மா நின்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் வலி வந்த இடத்தில் எந்த வாசல் இருந்ததோ, அங்கே பேச்சுக் கொடுத்தேன். நானோ பெயர் பெற்ற சிடுமூஞ்சி. அப்படிப்பட்டவன் திடீரென்று, "பையன் பரீட்சை நல்லா எழுதினானா? அம்மாவுக்கு ஜுரம் தேவலையா?" என்று வாசல் வாசலாக விசாரித்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? யூனியன் எலெக்‌ஷனில் நிற்கப்போகிறேன் என்று நினைத்தார்கள்!

எதிர்வீட்டு தாவூத் பாய் எங்கள் வீட்டுக்கே வந்து, "கவலியே படாதீங்க அண்ணாத்தே, எங்க செக்‌ஷன் ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி சரோஜா பிடித்துக்கொண்டாள். "இன்னாய்யா, ஊட்ல வாயத் தொறக்க மாட்டே, வெளிய ஓட்டு கேட்டுகினு கீறியா?"

"ஓட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கால் வலிக்குது சரோஜா. எடுத்துடுவாங்களோன்னு பயமா கீது." சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் திட்டவில்லை. மறுநாள் காலையில் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

அங்கிருந்த டாக்டரம்மா, பீடிப் பழக்கம் உட்பட நான் எல்லாம் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு பாதங்களின் மேலும் விரல் வைத்து நாடி பார்த்தார். வலதில் துடித்தது, இடதில் இல்லை. கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி பிரஷர் பார்த்தார். புறத்தமனி நோய் (காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்கி அடைபடுவது) என்றார்.

"உங்களுக்கு எதை நினைச்சா பயம்?" என்று கேட்டார். சொன்னேன்.

"புண் இல்ல. படுத்திருக்கும்போது வலி இல்ல. இப்ப யாரும் உங்க காலை எடுக்கப் போறதில்ல. ஆபரேஷன்னு ஒரு வழி இருக்கு. அதுக்கு முன்னால பீடியை விட்டுட்டு, மாத்திரை சாப்பிட்டு, தினமும் நடந்து பார்க்கலாம். உங்களால எது முடியும், நீங்க சொல்லுங்க."

என்னால் எது முடியும் என்று என் வாழ்நாளில் எந்த டாக்டரும் கேட்டதில்லை. நடக்கிறேன் என்றேன்.

"வலி வந்தா நில்லுங்க. போனதும் மறுபடி நடங்க. பக்கத்துல இருக்கிற சின்னக் குழாய்கள் மெல்ல மெல்ல வேலையை எடுத்துக்கும்."

"சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கலாமாம்மா?" என்றாள் சரோஜா.

"கூடவே கூடாது. ரத்தம் குறைஞ்ச கால்ல சூடு பட்டா புண்ணாயிடும், லேசுல ஆறாது."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து பைத்தியக்காரன்போல் சிரித்தேன். அப்பாடா! அத்தனை மாதம் எதற்காக ஒளித்தேன்?

பீடியை விட்ட நாட்களில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். சரோஜா தினமும் கூடவே நடந்தாள். உங்களுக்கும் நடந்தால் கெண்டைக்கால் இறுகி, நின்றால் விடுகிறதா? வயசாகிவிட்டது என்று விடாதீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள். எல்லோருக்கும் நடையே போதும் என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன்.

மாதங்கள் போயின. ஒரு நாள் காலை நடையில் எங்களுக்குள் பெரிய சண்டை. அவள் தம்பி தன் கல்யாணத்துக்கு என்னை முறையாக அழைக்கவில்லை. நான் கத்த, அவள் கத்த, நடு வார்த்தையில் சட்டென்று நின்றுவிட்டாள்.

"இன்னாடி?"

"யோவ், பஸ் முனைக்கு வந்துட்டோம். நீ எங்கியுமே நிக்கலய்யா!"

திரும்பிப் பார்த்தேன். அடுத்த வலி எங்கே வரும் என்றே ஒவ்வொரு நாளையும் அளந்துகொண்டிருந்தவன் நான். அவ்வளவு தூரமும் எனக்குக் கால் என்று ஒன்று இருந்ததே ஞாபகமில்லை.