இன்னும் நாற்பது நிமிடம்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். அந்த விமானத்தில் நான் வேலையில் இருந்தேன். என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

பதிமூன்றாயிரம் கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் பதினைந்து மணி நேரம். இன்னும் எவ்வளவு நேரம் என்று எந்தப் பயணி கேட்டாலும் எங்கள் பணிக்குழுத் தலைவரிடம் ஒரே பதில்தான்: "இதோ வந்தாச்சு!" எட்டு மணி நேரம் பாக்கி இருந்தாலும் அதேதான். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே 'வந்தாச்சு அண்ணன்'.

போன வாரம் ஊரிலிருந்து கிளம்பிப் போகும்போது, நாற்பத்தொன்றாம் வரிசையில் ஓர் அம்மாவுக்கு நெஞ்சுவலி. நாற்பது நிமிட தூரத்தில் இறங்க ஒரு விமான நிலையம் இருந்தது.

"கேப்டன்கிட்ட சொல்லிடலாம்ணே," என்று கெஞ்சினேன்.

"வெறும் வாயு. வழியில இறங்கினா நம்ம லீவு போச்சு," என்றார். அந்த அம்மாவிடம் திரும்பி, "இதோ வந்தாச்சும்மா," என்றார். அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தபடியே அந்த அம்மாவின் உயிர் போனது. எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

திரும்பும் பயணம். வெளியே நல்ல வெயில். தூங்குபவர்களுக்காக ஜன்னல்களை மூடி இருட்டாக்கியிருந்தோம். அந்த அம்மா உட்கார்ந்திருந்த இருக்கை காலி. ஆனால் அங்கிருந்து அழைப்பு மணி... டிங்.

போய்ப் பார்த்தேன். யாருமில்லை. பெல்ட் மட்டும் பூட்டியிருந்தது. உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் அளவுக்கு இடம் விட்டு...

டிங்.

"ரிப்பேரா இருக்கும். நகரு," என்று அண்ணனே போனார். குனிந்தார். இருட்டில் ஒரு பெண் குரல்.

"இன்னும் எவ்ளோ நேரம் தம்பி?"

பழக்கதோஷம். அவர் வாய் தானாகச் சொன்னது: "இதோ வந்தாச்சும்மா."

சொல்லி வாய் மூடவில்லை. தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அதில் ஐந்து விரல் தடம். "நெஞ்சு... நெஞ்சு வலிக்குது..."

இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. கேப்டனிடம் ஓடினேன். விமானம் உடனே திரும்பியது. பக்கத்து விமான நிலையத்துக்கு நாற்பது நிமிடம்.

கால் மணி நேரம் கழித்துத் திரையைப் பார்த்தேன். மீதி நேரம்: நாற்பது நிமிடம்.

அரை மணி நேரம். நாற்பது.

ஒரு மணி நேரம்... நாற்பது.

"எதிர்காற்று," என்றார் கேப்டன்.

"இன்னும்... எவ்ளோ நேரம்?" அண்ணன் கேட்டார். நான் திரையைப் பார்த்தேன். நாற்பது.

டிங்.

அவர் தலை சாய்ந்தது.

திரையில்... முப்பத்தொன்பது.

முப்பத்தெட்டு.

பாவம் என்று சொல்லத்தான் பார்க்கிறேன். மனம் வரவில்லை.

தரையிறங்கியதும் சரக்கு இறக்குபவர் ஒருவர் மேலே ஏறி வந்தார். "செத்தவர் இங்க இருக்கார்னா, கீழ இருக்கிற சவப்பெட்டி யாரோடது?"

எங்களுக்கு அப்படி ஒன்று ஏற்றியதே தெரியாது. கேப்டன் விசாரித்தார். அந்த அம்மாதான். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார், நாற்பத்தொன்றாம் வரிசைக்கு நேர் கீழே. அன்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் விமானம் ஏறியவர் அவர்தான்.